தடுப்புக்கு அந்தப்புறம் ஒரு குட்டி

மார்லிஸ் ஹாகனைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கோப்பைக் காபி. மினியாபோலிஸில் எங்கள் மூளை ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவள் எனக்குப் பல வருஷம் முன்பிருந்தே அங்கே சுண்டெலிகளோடு குடித்தனம் செய்பவள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓய்வறையில் காபி போட்டேன். மரியாதைக்கு அவளையும் கேட்டேன்.

"காபி குடிக்கிறியா?"

"ஐயோ, வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?"

வேண்டாம் என்கிறாளே என்று என் கோப்பையை எடுத்துக்கொண்டு நான் போய்விட்டேன். அன்று முழுக்க அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னால், அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் இந்த ஊர்க்காரர்.

"ஒரே ஒரு தடவையா கேட்ட? அது கேட்டதுல சேர்த்தியே இல்லை. இங்க மூணு தடவை கேக்கணும். முதல் ரெண்டு தடவை வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. மூணாவது தடவைதான், 'மிச்சம் இருந்தா அரைக் கோப்பை குடு'ன்னு வரும்."

நான் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவள். ரொசாலியா என்று பெயர் வைத்த இத்தாலிக் குடும்பம். எங்கள் வீட்டில் தட்டை நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறாயா என்று கேட்போம். பதிலுக்கு யார் காத்திருந்தார்கள்? அதனால் இந்த ஊர் வழக்கம் எனக்கு எரிச்சலோ எரிச்சல். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் வரும். கடைசித் துண்டை எவரும் எடுக்க மாட்டார்கள். ஒருத்தர் வந்து பாதி வெட்டி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. சாயங்காலம் பார்த்தால் தட்டு நடுவில் நகத்தளவு ஒரு துணுக்கு அநாதையாகக் கிடக்கும். "எடுத்துத் தொலைங்களேன்! யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க!" என்று கத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். எடுக்க மாட்டார்கள். மார்லிஸ் கத்தியோடு வந்து அந்தத் துணுக்கையும் இரண்டாக வெட்டுவாள்.

விடைபெறுவதும் அப்படித்தான். "சரி, அப்ப நான் கிளம்பறேன்" என்று சோபாவில் உட்கார்ந்தபடி ஒரு தரம் சொல்வாள். வாசலில் நின்று ஒரு தரம். காருக்குப் பக்கத்தில் ஒரு தரம். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி இன்னொரு தரம். அவள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி முடிப்பதற்குள் என் கணவர் வாசல் பனி மொத்தத்தையும் வாரி முடித்துவிடுவார்.

மார்லிஸ் நல்ல உயரம். எலும்பு பெருத்த உடம்பு. நரைத்த முடியைக் காதோடு ஒட்ட வெட்டியிருப்பாள். மாநிலத்தின் மேற்குக் கோடியில் பால்மாடு வளர்த்த குடும்பத்திலிருந்து வந்தவள். கூண்டு கழுவத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு எலியைப் பிடிக்க, தைக்க, சோதனை நடத்த எல்லாம் கற்றுக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் ஏறிய எலி அங்கேயே உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொள்ளும். வாசனை சோப்புப் போட மாட்டாள், துணி துவைக்கிற பவுடர்கூட மணமில்லாததுதான். நான் முதல் நாள் செண்ட் அடித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து, "செண்ட் ரொம்ப நல்லா இருக்கு. எலிகளுக்குத்தான் ரசிக்கத் தெரியாது" என்றாள். அடிக்காதே என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

அவளுக்கு ஒரு மகள் உண்டு. பெயர் பிரிட்டா. தெற்கே பாலைவனப் பக்கம், அரிசோனாவில், டூசானில் இருக்கிறாள். இதைத் தெரிந்துகொள்வதற்கே எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. மிச்சத்தை வருஷக்கணக்கில் துண்டு துண்டாகப் பிடுங்கினேன்.

மார்லிஸும் அவள் கணவன் டுவேனும் பிரிந்தபோது பிரிட்டாவுக்குப் பதினான்கு வயது. டுவேனுக்கு அரிசோனாவில் வேலை கிடைத்திருந்தது. யாரோடு இருக்க ஆசை என்று பெண்ணையே கேட்டார்கள். பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நான் உன்னோட இருக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். மார்லிஸுக்கு உள்ளே உயிர் துடித்தது. வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "என்னைப் பத்திக் கவலைப்படாத கண்ணு. உனக்கு எது நல்லதோ அதைச் செய்." பெண் இன்னொரு தரம் கேட்பாள், அப்போது இரு என்று சொல்லிவிடலாம் என்று இவள் காத்திருந்தாள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அப்பாவோடு காரில் ஏறிப் போய்விட்டது.

அப்புறம் பிரிட்டாவுக்குக் கல்யாணம். அங்கேயே ரூபன் என்கிற பையனைப் பிடித்துப்போய் கோர்ட்டில் பதிவுசெய்துகொண்டாள். "அம்மா, வர்றியா?" என்று போன் வந்தது. "ஐயோ, உங்களுக்கே ஆயிரம் வேலை இருக்கும், நடுவுல நான் வேற எதுக்கு?" என்றாள் மார்லிஸ். போனை வைத்ததும் பெட்டி கட்டினாள். இரண்டாவது போனுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. கல்யாணப் படம்தான் வந்தது.

முதல் குழந்தை பிறந்தது. அலீடா என்று பெயர். மறுபடியும் ஒரு போன், மறுபடியும் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்", மறுபடியும் பெட்டி. அந்தப் பெட்டியை நானே பார்த்திருக்கிறேன். மார்லிஸின் வீட்டுப் படுக்கையறையில், அலமாரிக்குப் பக்கத்தில், கைப்பிடியைத் தூக்கி நிறுத்தியபடி இருந்தது.

"எங்க கிளம்பற?" என்றேன்.

"எங்கேயும் இல்லை. சும்மா இருக்கு."

திறந்து பார்த்தேன். என் குணம் அப்படி. உள்ளே அவளுடைய கோடைச் சட்டைகள். மேலே வெள்ளையும் நீலமுமாகப் பூவேலை செய்து, வெள்ளிப் பொத்தான் வைத்துப் பின்னிய ஒரு கம்பளிச் சட்டை. பிறந்த குழந்தைக்குப் போடுகிற அளவு. அலீடா அப்போது ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதானே என்று சண்டை போட்டேன்.

"கூப்பிடாம எப்படிப் போறது, ரோஸி?"

"அதான் கூப்பிட்டாளே!"

"அது மரியாதைக்குக் கேட்டது" என்றாள் மார்லிஸ். பெட்டியை மூடினாள். கம்பளிச் சட்டையின் கையை மட்டும் ஒருமுறை நீவிவிட்டாள்.

இனி எலிக்கு வருகிறேன். எங்கள் கூடத்தின் தலைவர் டாக்டர் கீனன். கெட்டிக்காரர், கொஞ்சம் பயந்த சுபாவம், சாப்பிட மறந்துபோகிற ரகம். தாய் எலி குட்டியை ஏன் கவனிக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மூளையின் அடியில், ஹைப்போதலாமஸின் முன்பக்கம், தாய்மைக்கென்றே ஒரு கொத்து நரம்புச் செல்கள் இருக்கின்றன. அதிலிருந்து பல இழைகள் பல திசைக்குப் போகின்றன. ஒரு கிளை நடுமூளையில் ஓரிடத்துக்குப் போகிறது. குட்டியை நக்குவது, சுத்தம் செய்வது எல்லாம் அதன் பொறுப்பு. இன்னொரு கிளை நடுமூளையிலேயே வேறோரிடத்துக்கு, வேண்டும் வேண்டும் என்று ஒரு பிராணியை எழுப்பிவிடுகிற இடத்துக்குப் போகிறது. இந்த இரண்டாவது கிளையை மட்டும் உறங்க வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வேலை.

அதற்கு வழி உண்டு. அந்தச் செல்களை வெளிச்சத்துக்குக் கட்டுப்படும்படி முன்கூட்டியே செய்துவைத்திருப்போம். எலியின் தலையில் முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதன் வழியாக வெளிச்சம் போனால் அந்தக் கிளை உறங்கிவிடும். விளக்கை அணைத்தால் விழித்துக்கொள்ளும். எலிக்கு வலி கிடையாது. தலையில் மெல்லிய வயரோடு அது பாட்டுக்குத் திரியும்.

சோதனை அறைக்கு ஜன்னல் இல்லை. எலிக்குப் பகல் தூக்கம், இரவு நடமாட்டம். அதனால் அவற்றின் இரவையும் பகலையும் மாற்றி வைத்திருப்போம். நமக்குப் பட்டப்பகலாக இருக்கும், உள்ளே இருட்டில் சிவப்பு விளக்கு எரியும். கூண்டின் ஒரு மூலையில் பஞ்சுக் கூட்டில் குட்டிகள், தாய். நடுவில் ஒரு தடுப்பு. எலி மெனக்கெட்டால் ஏறித் தாண்டிவிடலாம், மெனக்கெட வேண்டும். அந்தப்புறத்தில் ஒரே ஒரு குட்டியை வைப்போம். குட்டி கூப்பிடும். அந்தச் சத்தம் நம் காதுக்கு எட்டாது, அவ்வளவு கீச்சு. ஒரு கருவி அதைத் தாழ்த்திப் பெட்டியில் 'சிட்... சிட்... சிட்' என்று கொடுக்கும். மார்லிஸ் அந்தப் பெட்டியை அணைக்கவே விடமாட்டாள். நான் ரேடியோ போடலாமா என்றால், "போடேன், உன் இஷ்டம்" என்பாள். போடக் கூடாது என்று அர்த்தம்.

இழையின் விளக்கு அணைந்திருக்கும்போது, குட்டி சிட் சிட் என்றதும் தாய் தலையைத் தூக்கும். தடுப்பில் தொங்கி ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும், அந்தப்புறம் குதித்துக் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்துவிடும். விளக்கு எரிந்தால் அதே தாய் தலையைத் தூக்கும். தடுப்பு வரைக்கும் வரும். மூக்கை வைத்து மோந்து பார்க்கும். அப்புறம் திரும்பிப் போய்க் கூட்டில் இருக்கிற குட்டிகளை நக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்தப்புறத்துக் குட்டி கத்திக்கொண்டே இருக்கும்.

முதல்தரம் இதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. "என்ன ஜென்மம் இது? பெத்த குட்டி கத்துது, கல்லு மாதிரி உக்காந்திருக்கு! பாசமே இல்லாத கழுதை!"

கீனன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படிச் சொல்லாதீங்க, ரொசாலியா. கூட்டுக்குள்ள பாருங்க, எப்படி நக்கிக் குடுக்குதுன்னு. பாசத்துல ஒரு குறையும் இல்லை. தடுப்பு வரைக்கும் வந்து நின்னுச்சு பாருங்க, குட்டி அங்க இருக்குன்னும் தெரியுது. கிளம்பற அந்த ஒண்ணுதான் இல்லை. பாசம் வேற, கிளம்பறது வேற. ரெண்டுக்கும் தனித்தனி வழி."

மார்லிஸ் விளக்கை அணைத்தாள், குட்டியை எடுத்துத் தாயிடம் விட்டாள். அன்று பகல் முழுக்க அவள் அடுத்த கூண்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

அந்த ஜனவரியில்தான் பிரிட்டா மறுபடி கர்ப்பமாக இருக்கிற செய்தி வந்தது. செய்தி என்றால் போன் கூட இல்லை, ஒரு படம். அலீடா அம்மாவின் பெரிய வயிற்றில் காதை வைத்துக் கேட்கிற படம். மாதம் முற்றியிருந்தது. மார்லிஸ் என்னிடம் படத்தைக் காட்டினாள்.

"எப்பக் கூப்பிட்டா?" என்றேன்.

"இன்னும் இல்லை. அலைச்சலா இருக்கும். கூப்பிடுவா."

தினமும் வேலைக்கு வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன் போனைப் பார்ப்பாள். மத்தியானம் சாப்பிடுகிற இடத்தில் அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். யாராவது பேசினால் பதில் சொல்வாள், கண் போனில் இருக்கும். படங்கள் வந்தன. அலீடா ஐஸ்கிரீம் சாப்பிடுவது, அலீடா கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் நிற்பது. வா என்று மட்டும் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு அந்தப் பெண் மேல் ஆத்திரம். இவள் மேல் அதைவிட ஆத்திரம். அந்தப் போன் மணியடித்தால் நானே ஓடிப்போய் எடுத்திருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சோதனை நடந்தது. அன்று விளக்கு அணைத்துச் செய்கிற முறை. தாய் கட்டாயம் தாண்ட வேண்டும். நான்தான் குட்டியை அந்தப்புறத்தில் வைத்தேன். தாய் வந்தது, தடுப்பில் மூக்கை வைத்தது, திரும்பிப் போயிற்று.

"என்னடா இது! விளக்கு எரியுதா பாரு" என்றேன்.

"எரியலை."

"வயர்?"

"சரியாத்தான் இருக்கு" என்றாள் மார்லிஸ். பிறகு தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். "ரோஸி, பெட்டில சத்தம் இல்லை."

கவனித்தேன். சிட் சிட் இல்லை. குட்டி கிடக்கிற மூலையில் கையை வைத்தால் மேலே இருந்து சில்லென்று காற்று. முந்தின நாள் காற்றுக் குழாயைப் பழுதுபார்த்தவர்கள் அதன் வாயைச் சரியாக அந்த மூலை மேல் திருப்பிவிட்டிருக்கிறார்கள். ரோமம் முளைக்காத குட்டி குளிர்ந்து போயிருந்தது. ரொம்பக் குளிர்ந்தால் அது கத்தாது. கத்த அதற்குத் தெம்பு இருக்காது.

எனக்குப் பதறிவிட்டது. மார்லிஸ் சோதனையை நிறுத்தினாள். குட்டியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அது வெளிறிப்போய் அசையாமல் கிடந்தது. வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் மெல்ல மூச்சு விட்டாள்.

"போயிடுச்சா?" என்றேன்.

"இல்லை. குளிர்ந்திருக்கு, அவ்வளவுதான்."

நாங்கள் இருவரும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தோம். தாய் கூட்டில் மற்றக் குட்டிகள் மேல் படுத்திருந்தது. அதற்கு இந்தக் குட்டி ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி இருந்தது. மார்லிஸின் கைக்குள் முதலில் ஒரு கால் உதைத்தது. அப்புறம் பெட்டியில் 'சிட்' என்றது. ஒன்றுதான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு விடாமல் சிட் சிட் சிட் என்று பிடித்துக்கொண்டது.

கூட்டில் தாய் தலையைத் தூக்கியது. மார்லிஸ் குட்டியைக் காற்றுப் படாத இடமாகப் பார்த்து அந்தப்புறத்தில் வைத்தாள். கையை எடுக்கக்கூட நேரமில்லை. தாய் தடுப்பில் ஏறி, வழுக்கி, ஏறி, அவள் விரலை மிதித்துக்கொண்டு குட்டியைக் கவ்விற்று.

அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்க முடியாது, மறுபடி செய்ய வேண்டும். ஆனால் மார்லிஸ் அசையவில்லை. கூண்டின் மேல் குனிந்தபடியே நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"ரோஸி, பிரிட்டா இந்தத் தடவை கூப்பிடவே இல்லை."

"தெரியும்."

"மறந்துட்டா, இல்லன்னா என் மேல கோபம்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "அவ குளிர்ந்து போயிட்டா, ரோஸி. கூப்பிட்டுக் கூப்பிட்டு, நான் போகாம, கூப்பிடறதையே விட்டுட்டா. நான் என்னடான்னா சத்தம் வரலை வரலைன்னு இங்க உக்காந்திருக்கேன்."

எனக்கு அழுகை வந்தால் கத்தத்தான் தெரியும். "அப்புறம் இன்னும் என்ன எலியைப் பாத்துட்டு நிக்கற! போய் போனை எடு!"

"இப்பவா? அங்க வேலை நேரம். அவளுக்குத் தொந்தரவா..."

"மார்லிஸ்!"

கையுறையைக் கழற்றினாள். ஓய்வறைக்குப் போனோம். யாரும் இல்லை. மேஜையில் ஒரு தட்டும் அதில் ஒரு துணுக்கு கேக்கும் இருந்தன.

"நான் வெளியே இருக்கட்டுமா?" என்றேன்.

"உனக்கு வேலை இருந்தா போயேன்."

அதற்குள் எனக்கு இந்த ஊர்ப் பேச்சு அத்துப்படி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் போனை மேஜை மேலேயே வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"பிரிட்டா, கண்ணு, நான்தான்."

"அம்மா? என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. இங்க ஒரே பனி. அங்க எப்படி?"

"வெயில்தான்."

"ஓ. வெயில் நல்லதுதான்."

நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"பிரிட்டா, குழந்தை பொறக்கறப்ப நான் வரட்டுமா?"

அந்தப்பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு பிரிட்டாவின் குரல் வந்தது.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்? உனக்கு வேலை இருக்கும். நாங்க சமாளிச்சுக்குவோம்."

அதே வார்த்தை, அதே ராகம். காபி வேண்டாம் என்று சொன்ன அதே மார்லிஸ், இளம் குரலில். அரிசோனா வெயிலில் அத்தனை வருஷம் காய்ந்தும் அது போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்லிஸைத் திரும்பிப் பார்த்தால் அவள் முகம் வெளுத்திருக்கிறது. தன் வார்த்தையை அடுத்தவர் வாயில் கேட்க அவளுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எடுத்துக்கொண்டாள்!

"சரி கண்ணு, உனக்கு எப்படி வசதியோ அப்படி..." என்று சொல்லிக்கொண்டே அவள் விரல் போனை அணைக்கப் போயிற்று. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இது முதல் தடவைதான்!" என்றேன், குரலை இறக்கி. "இன்னும் ரெண்டு இருக்கு! அவ யாரு பொண்ணு? கேளு!"

மார்லிஸ் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பிரிட்டா, எனக்குச் சிரமமே இல்லை. வரட்டுமா?"

"இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். வீடு ரொம்பச் சின்னது. உன்னைப் படுக்க வைக்கக்கூட ஒரு ரூம் கிடையாது. நீ கஷ்டப்படுவ."

"சோபா போதும். தரையே போதும்." மார்லிஸ் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, உனக்கு ஒத்தாசைக்குன்னு கேக்கலை. எனக்கு வரணும். உன்னைப் பாக்கணும். எனக்கு நீ வேணும். அன்னிக்கும் வேணும்னுதான் இருந்துச்சு."

இந்த ஊரில் இருபது வருஷம் இருந்துவிட்டேன். எவர் வாயிலிருந்தும் 'எனக்கு வேணும்' என்று கேட்டதில்லை. போனில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிரிட்டா அழுதுகொண்டிருந்தாள்.

"என்னிக்கும்மா?"

"உங்கப்பா காரு வாசல்ல நின்னுச்சே. அன்னிக்கு."

"நான் உன்னைக் கேட்டேன். இருக்கட்டுமான்னு கேட்டேன். நீ இருன்னு சொல்லவே இல்லை."

"ஒரு தடவைதானே கேட்ட? நீ இன்னொரு தடவை கேப்பேன்னு நெனச்சேன்."

"ஒரு தடவை கேட்டா பத்தாதாம்மா?" என்று அந்தப் பெண் கத்தினாள். முப்பது தாண்டியவள், பதினான்கு வயதுக் குரலில் கத்தினாள். "கல்யாணத்துக்குக் கேட்டேன். அலீடா பொறந்தப்பக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேக்கறதுக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நீ வரவே மாட்டேன்னுதான் இந்தத் தடவை கேக்கலை."

"பத்தும் கண்ணு. ஒரு தடவையே பத்தும். எனக்குத் தெரியாமப் போச்சு."

இருவரும் அழுதார்கள். நான் அந்த அநாதைக் கேக் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"அலீடா கேக்கறாம்மா" என்றாள் பிரிட்டா, கொஞ்சம் ஆறியபிறகு. "பாட்டிக்குக் காலு இருக்கா, இல்ல போனுக்குள்ளதான் இருப்பாளான்னு." மூக்கைச் சிந்தினாள். "வாம்மா."

மார்லிஸின் வாய் திறந்தது. உள்ளேயிருந்து அந்தப் பழைய ராகம் கிளம்புகிறதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று வரப்போகிறது என்றே நினைத்தேன். அவள் வாயை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"வர்றேன்" என்றாள்.

கீனனிடம் லீவு கேட்கப் போனாள். "உங்களுக்கு ரொம்ப இடைஞ்சல்னா வேண்டாம்" என்று ஆரம்பித்தவளை அவர் முடிக்க விடவில்லை. அடுத்த விமானத்திலேயே போகச் சொன்னார். மறுநாள் காலையில் நான்தான் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பெட்டி கட்டுகிற வேலையே இல்லை. கட்டித்தானே வைத்திருந்தாள். முன் இருக்கையில் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலீடாவுக்குப் பின்னியது.

"இது அவளுக்குப் போட முடியாது" என்றாள். "ஒரு கைகூட நுழையாது."

"பொறக்கப்போறதுக்கு நுழையும்."

"டூசான்ல போய்க் கம்பளிச் சட்டையான்னு சிரிப்பாங்க, ரோஸி."

"சிரிக்கட்டுமே. நல்லாச் சிரிக்கட்டும்."

வழியெல்லாம் அவள் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அலீடா ஓடப் பழகியது, முதல் பல் விழுந்தது, தொலைந்துபோன ஒவ்வொன்றையும் பற்றி ஒரு வரி சொல்வாள், நிறுத்திவிடுவாள்.

விமான நிலைய வாசலில் காரை நிறுத்தினேன். அவளைப் பற்றித் தெரியாதா எனக்கு? சோபா, வாசல், கார், கண்ணாடி என்று நான்கு கட்டமாக விடைபெறுவாள். குறைந்தது அரைமணி நேரம். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்று இஞ்சினை அணைத்தேன், கையுறையைக் கழற்றினேன், கட்டிப்பிடிக்கத் தயாராகத் திரும்பினேன்.

அவள் இல்லை. பின்சீட்டிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு, சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்போடு வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். பனியில் ஒரு தரம் வழுக்கினாள், சமாளித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் போயிருந்தாள். குளிர் உள்ளே வந்தது. நான் எட்டிச் சாத்தினேன்.